கடைசிப் பெயர் என்றொரு கட்டம்

பாசமுள்ள அருள்ராஜ் அண்ணனுக்கு,

நீங்கள் கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. கல்லூரியில் உங்கள் அறை வாசலில் 'தகவல் தொழில்நுட்ப இயக்குநர்' என்ற பலகை அப்படியே இருக்கிறது, அதன் கீழே இப்போது என் பெயர். உங்கள் நாற்காலியில்தான் உட்காருகிறேன், உயரத்தை மட்டும் குறைத்துவிட்டேன். கோபிக்காதீர்கள், எனக்குக் கால் எட்டவில்லை.

தொல்லைகள் எல்லாம் சௌக்கியமாக இருக்கின்றன. வைஃபை வரவில்லை என்றாலும் நமக்குத்தான் போன், ஃபேன் சுற்றவில்லை என்றாலும் நமக்குத்தான் போன். சர்வர் அறைக்குள் எதையும் தின்னக் கூடாது என்று நீங்கள் ஒட்டிய தாள் இன்னும் கதவில் இருக்கிறது. ஒட்டியவரே சோழவந்தான் வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு உள்ளே போவார் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்லூரிக்கே பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பீர்கள், உங்களுடையதை மாதம் ஒரு முறை மறந்துவிட்டு என் மேசை முன்னால் வந்து நிற்பீர்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

ஆனால் இதற்காக எழுதவில்லை, அண்ணே. உங்கள் ஃபைலில் ஒரு மெமோ இருக்கிறது. அது எனக்கு வந்திருக்க வேண்டியது. அது நம் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. இனி எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் ஊர் அறிய எழுதுகிறேன்.

வகுப்புக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குச் செல்போனில் செய்தி அனுப்பும் வேலையை நாம் ஆரம்பித்த வருடம் அது. வெளியூர்க் கம்பெனியின் மென்பொருளில் பெயருக்கு இரண்டு கட்டம். முதல் பெயர் ஒன்று, கடைசிப் பெயர் ஒன்று. நம் ஊரில் கடைசிப் பெயருக்கு எங்கே போவது? நமக்கு உள்ளது ஒரு பெயர், ஒரு இனிஷியல். கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே நகர மாட்டேன் என்றது. அப்பா பெயரைப் போட்டுவிடுங்கள் என்று டைப் அடிக்கிறவர்களிடம் சொன்னது நான். முதலில் பத்துப் பேருக்கு அனுப்பிப் பார் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். பார்த்துவிட்டேன் என்று பொய் சொல்லி, மொத்தமாக அனுப்பியதும் நான்.

அந்த மென்பொருள் கடைசிக் கட்டத்தில் இருந்ததைத்தான் பிள்ளையின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் முத்துக்கருப்பனுக்கு, 'தங்கள் பிள்ளை முத்துக்கருப்பன் இன்று கல்லூரிக்கு வரவில்லை' என்று செய்தி போனது. அவர் ஆட்டோவோடு வந்து, எட்டாவதைத் தாண்டாத தன்னைக் காலேஜில் சேர்த்ததற்கு நன்றி என்று கும்பிட்டார். நீங்கள் சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்கள்.

மறுநாள் ஆனையூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்த அம்மாவின் செல்போனில் இறந்த கணவரின் பெயர், இன்று வரவில்லை என்று. அவர் சண்டை போடவில்லை. செல்போனை உங்கள் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும் சார். எம்மக வந்தாளா இல்லையா, அதைச் சொல்லுங்க."

நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். நான் கதவோரமாக நகர்ந்துகொண்டேன். அன்று மாலையே நிர்வாகத்திடம் போய்த் தப்பு உங்களுடையது என்று எழுதிக் கொடுத்தீர்கள். நான் அழுதபோது, "எனக்குன்னா மெமோவோட போயிரும். ஒனக்குன்னா வேலையே போயிரும். பேசாம இரு தாயி" என்றீர்கள். நான் அப்போது தற்காலிக ஊழியர். பேசாமல் இருந்தேன். வேலை நிரந்தரமான பிறகும் பேசாமல்தான் இருந்தேன், அதுதான் வெட்கம். அந்த மெமோவைக் காட்டித்தானே உங்களுக்கு வரவேண்டிய இயக்குநர் பதவியை அத்தனை வருடம் தள்ளிப்போட்டார்கள்? ஒரு நாளாவது என் மேல் உங்களுக்குக் கோபம் வந்ததா?

போன செவ்வாய்க்கிழமை புதிய மென்பொருளுக்கான கூட்டம். வந்தவர்கள் வேறு கம்பெனி ஆட்கள், கட்டம் மட்டும் அதே இரண்டு. கடைசிப் பெயர் இல்லாதவர்களுக்கு ஒரு புள்ளி வைத்துவிடலாம் என்றார்கள். முதல்வர் என் கையெழுத்துக்காகத் தாளை நகர்த்தினார். நான் போடவில்லை. ஆனையூர் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அப்போது ஏன் சோதித்துப் பார்க்கவில்லை என்று ஒருவர் கேட்டார். அருள்ராஜ் சார் சோதிக்கச் சொன்னார், சோதிக்காமல் அனுப்பியவள் நான் என்றேன். சொல்லிவிட்டேன், அண்ணே. பெயருக்கு ஒரே கட்டம், இனிஷியல் தனியாக, அதில் அம்மா பெயரின் எழுத்தையும் போடலாம் என்று மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அவர்களை அனுப்பினார் முதல்வர்.

மெமோதான் இன்னும் நகரவில்லை. "ஆளே போயாச்சு, இனி ஃபைலைத் தெறந்து என்னம்மா செய்யப் போறீங்க?" என்கிறார் அலுவலகக் கண்காணிப்பாளர். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கும் போய் நிற்பேன், அதற்கு மறுநாளும் நிற்பேன். நான் ஓய்வு பெறுவதற்குள் அந்தத் தாளில் உங்கள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுத வைப்பேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
வேதமணி