குருவிக்குக் கேட்ட மனை

வூரியா மலை,
மழை தொடங்கிய வாரம்.

அன்புப் பேரன் முவாடிமேவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் தங்கை ம்காவாசி நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். சித்தப்பா மகன் மகாங்கா ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்துக்கே முதல். சின்னவள் வாக்கியோ சர்ச்சில் தடங்கலில்லாமல் பைபிள் வாசித்தாள். பாதிரியாரே கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நீயோ நைரோபியில் பறவைகளைப் படிக்கிற ஆபீசர். ஐந்தாவதோடு நின்ற எனக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

போன வாரம் உன் ஆபீசிலிருந்து நியாம்பு என்றொருவன் வந்தான். காட்டோரத்தில் நீ வீடு கட்ட நான் ஒதுக்கிய இடம் புதர் மண்டிக் கிடக்கிறதல்லவா, அதற்குள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். எல்லாம் கட்டைவிரல் அளவுக் குருவிக்காக. பூச்சி தின்கிற அது நம் மலைக்காடுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். நான் கிண்டிப் போட்ட கிமாங்கா மசியலை வழித்துத் தின்றுவிட்டு, "பாட்டி, இந்த எடத்த அப்படியே குருவிக்கு விட்டுடுங்க" என்றான்.

"என் பேரன் எங்கடா குடியிருப்பான், மரத்துலயா?" என்றேன்.

"அவருக்கு எடம் வேணாமாம். அவர் சொல்லித்தானே வந்தேன்" என்றவன், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். வேறென்ன சொன்னான் என்று கேட்டேன். "டீ நல்லாருக்கு பாட்டி" என்கிறான். நான் டீயே கொடுக்கவில்லை.

வீடு வேண்டாம் என்கிறவனுக்கு வேறெங்கோ வீடு இருக்க வேண்டும். மகாங்காவுக்கு நீ கொடுத்தனுப்பிய பழைய ஸ்வெட்டரைத் திருப்பிப் பார்த்தேன். முழங்கைக் கிழிசலை அத்தனை நேர்த்தியாக யார் தைத்தது? நீ தைத்தால் விரலையும் சேர்த்தல்லவா தைப்பாய்!

மறுநாள் நானே போய்ப் புதரோரம் நின்றேன். ஒரு குருவி கூப்பிட்டது. அது முடிப்பதற்குள் இன்னொன்று பதில் சொன்னது. புதரை வெட்ட நான் வரச்சொல்லியிருந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆனால் நியாம்புவுக்குச் சரி என்று இன்னும் சொல்லவில்லை. அது உன் பதிலைப் பொறுத்தது.

கடவுள் உன்னையும் உன் கூரைக்குக் கீழே இருப்பவர்களையும் காக்கட்டும். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. நீ தனியாக நின்றால் புதரை வெட்டி உனக்கு அஸ்திவாரம் போடுவேன். பக்கத்தில் ஒருத்தி நின்றால், எந்த ஊர்க்காரியானாலும் சரி, இடம் குருவிக்கு. கையில் குழந்தை இருந்தால் போர்வையை விலக்கி முகம் தெரியப் பிடிக்கச் சொல்.

உன் பாட்டி,
மலெம்பா