செருப்புக் கேட்ட யானை

கம்பெனி பஸ் வருவதற்குள் எஸ்தர் ஷூ டப்பா மூடியில் கணவனுக்கு எழுதினாள்:

"குழம்பு அடுப்பு மேலயே இருக்குது, சூடு பண்ணிக்கோங்க. போறப்போ சாவியைப் பக்கத்து வீட்டு அன்னம்மாள் அக்காகிட்ட குடுத்துடுங்க."

படப் புத்தகத்தின் எழுத்துகளைக் கையால் மறைத்துவிட்டு, படங்களை மட்டும் பார்த்து அவளும் மகள் ஜாஸ்மினும் கதை கட்டுவார்கள். அப்படிப் பிறந்ததுதான் செருப்புக் கேட்டு அழுத யானையின் கதை. நேற்றுப் பள்ளி விழாவில் அதைத் தன் கதை என்று சொல்லி அவள் கணவன் வசந்த் கைதட்டல் வாங்கிக்கொண்டான். "அம்மா, அது நம்ம கதைதானே?" என்று குழந்தை கேட்டபோது, காதில் விழாததுபோல் சிரித்தான்.

பஸ் ஹாரன் அடித்தது. எஸ்தர் மூடியின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். பாப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. விழா முடிஞ்சு வந்து கதை கட்ட நான் புக்கை எடுத்தா, 'அப்பா இருக்காரும்மா, மெதுவா சொல்லு'ன்றா."