கேட்காமல் விட்ட கேள்வி

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். நீ மூன்று மாதமாக முழுகாமல் இருப்பது மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.

நம் வீட்டில் வாந்தி என்று யாரும் சொன்னதில்லை, 'அது' என்போம். இப்போது எழுதிவிட்டேன், பார். எழுத்துதான் கோணிக்கொண்டது.

அந்தப் பயத்துக்காக ஐந்து மாதமாக ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறேன். உன்னைவிடச் சின்னவள், ஆனால் பிடித்தால் விடமாட்டாள். பயத்துக்குக் காவலாக வைத்திருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக விடச் சொன்னாள். கைப்பையில் பதினோரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. "இத வெச்சு ஒரு கடையே போடலாமே" என்றார் அப்பா. கவர் இல்லாமல் பஸ் ஏறிய அன்று இரண்டாவது நிறுத்தத்திலேயே இறங்கி, தையல் கடைக்கு நடந்தேன். இப்போது கடைவரை உட்கார்ந்தே போகிறேன். பாலை மூன்று தடவை முகர்வதும் நின்றுவிட்டது. எலுமிச்சம்பழம் மட்டும் பையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

போன வாரம் கடையில் பட்டன் தைக்கும் அக்கா வாந்தி எடுத்தாள். நான் தெருமுனைவரை ஓடிவிட்டேன். பிறகு திரும்பி வந்து தண்ணீர் கொடுத்தேன்.

ஆனால் காவலை எடுக்க எடுக்க அந்தச் சத்தம் கிட்டே வருகிறது. அன்று உனக்கு ஆறு வயது, காய்ச்சல். அப்பா வேலைக்குப் போயிருந்தார். நீ வாந்தி எடுத்ததும் நான் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். அப்படியும் நீ வாளியை இழுப்பது கேட்டது. அப்புறம் கதவைத் தட்டினாய். "அம்மா, நானே கழுவிட்டேன். இப்ப வரலாம்" என்றாய். இன்றும் தையல் மெஷினை நிறுத்தினால் அந்தத் தட்டல் கேட்கிறது. பயமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

போனை எடுத்ததும் "வயிறு சரியா இருக்கா" என்பேனே, பாசம் என்று நினைத்திருப்பாய். உன் பக்கத்தில் வரலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். ஆலோசகரிடம் அதைச் சொன்னதும், விடவேண்டியவற்றில் கடைசியாக எழுதிக்கொண்டாள். இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். எலுமிச்சம்பழத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ஓடமாட்டேன் என்று சத்தியம் செய்யத் தைரியமில்லை. ஓடினாலும் திரும்பி வருவேன்.

நீயும் பிள்ளையும் நன்றாக இருக்கவேண்டும். காலையில் எழுந்து ஓடும்போது குளியலறைக் கதவை மட்டும் தாழ்போடாதே, கண்ணு.

உன்
அம்மா