துரையின் பழைய கார்

முருகன் துணை

என் கண்ணான மகளுக்கு,

இறந்துபோன நம் தோட்டத்துத் துரையின் பழைய காரை அப்பா தன் கிராணிச் சம்பளத்திலேயே வாங்கிவிட்டார். வீட்டுக் கணக்கு எழுதும் எனக்கே அந்த மலிவு உறுத்தியது.

வெள்ளிக்கிழமை அப்பா ஓட்ட, பின்சீட்டில் நான் மட்டும் உட்கார்ந்து கோயிலுக்குப் போனேன். வழியில், இந்த மாதம்தான் தோட்டத்துக்கு வந்த அஞ்சலை குடையை மடக்கி, ஒதுங்கிச் சலாம் வைத்தாள்.

மறுநாள், "எனக்கெதுக்கு சலாம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு யாரு வெச்சா, கிராணியம்மா? பக்கத்துல ஒக்காந்திருந்த வெள்ளக்காரத் தொரைக்குல்ல வெச்சேன்," என்று சிரித்தாள்.

பிரசவத்துக்கு வரும்போது, இதில் மடித்திருக்கும் திருநீற்றைப் பூசிக்கொண்டு வா. குளுவாங் ரயிலடியில் நான் மாட்டுவண்டியோடு நிற்பேன். அப்பா காரோடு வந்தால் ஏறாதே. தனியாகத்தான் வந்தேன் என்பார். பொய் சொல்லமாட்டார், அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா