அண்ணன் பார்த்தால் உட்கார்ந்துவிடுவாள்

என் செல்ல மக லூசெயானேவுக்கு,

அம்மா எழுதிக்கிறது. கர்த்தர் கிருபையால எல்லாரும் உயிரோட இருக்கோம், அப்பாவுக்குக் கால் புண் ஆறிக்கிட்டு வருது, உன் அண்ணன் செமிசி தோட்டத்துக்குப் போறான் வர்றான். சௌக்கியம்னு எழுதத்தான் ஆசை, ஆனா இந்தத் தடவை அந்த வார்த்தைக்குப் பேனா வரமாட்டேங்குது. நீயும் மாப்பிள்ளை பௌலியாசியும் வயித்துல இருக்கிற குட்டியும் சுகமா இருக்கணும், இப்போ எனக்கு வேற ஜெபமே இல்ல. ரெண்டு வாரத்துக்கு முன்னால போன்ல, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதும்மா, ரெண்டு தலகாணி வச்சாத்தான் படுக்க முடியுதுன்னு சொன்னியே, அஞ்சு மாசக்காரிக்கு அப்படித்தாண்டி இருக்கும்னு நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கத்தான் இதை எழுதுறேன். நேத்து ரெண்டு தடவை உனக்குப் போன் போட்டேன், வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது, நீ பயந்துபோய் அப்பாவுக்கு என்னாச்சுன்னு கேட்ட, ஒண்ணுமில்லன்னு சொல்லி வச்சுட்டேன். நாளைக்குக் காலையில உங்க அத்தை சுலியானா விமானம் ஏறி அங்கதான் வர்றா, அவ கையில இதைக் கொடுத்துவிடுறேன். பாதியில மடிச்சு வைக்காத. கடைசியில ஒரு வேலை சொல்லியிருக்கேன், அதை நீ செஞ்சே ஆகணும்.

நம்ம பள்ளிக்கூடத்துல உடற்பயிற்சி வகுப்பு முப்பது வருஷமா என் தலையிலதான்னு உனக்குத் தெரியும். இந்த வருஷம் மேலேயிருந்து புது உத்தரவு, ஒவ்வொரு பிள்ளையும் தினம் அரை மணி நேரம் ஓடியாகணும், பேரைப் போட்டு டிக் அடிச்சு அனுப்பணும்னு. தப்பான உத்தரவுன்னு நான் சொல்லமாட்டேன். உங்க அப்பா காலைப் பார்க்கிறப்போ, நம்ம தீவுல நாப்பது வயசுல சர்க்கரை வந்து கண்ணு போனவங்களைப் பார்க்கிறப்போ, இந்தப் பிள்ளைங்களாவது ஓடட்டும்னுதான் எனக்கும் இருந்தது. அதனால கழுத்துல விசிலை மாட்டிக்கிட்டு பத்து வயசு குறைஞ்ச மாதிரி திரிஞ்சேன். வகுப்பு மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் சேர்த்து அறுபத்திரண்டு பிள்ளைங்க, பள்ளிக்கூடத்துக்கும் சர்ச்சுக்கும் நடுவுல இருக்கிற புல்வெளியில நாலு சுத்து. தலைமை ஆசிரியர்கூடக் கிண்டல் பண்ணுவார், மெலியாமே, உங்க விசில் சத்தத்துக்குப் பன்னியெல்லாம் வரிசையா நிக்குதுன்னு. எல்லாப் பேருக்கும் டிக் விழுந்தது. ஒரு பேருக்கு மட்டும் விழல.

அந்தப் பேர் சேய்னி. கடைசித் தெரு லவினியாவோட மக, ஒன்பது வயசு, நாலாம் வகுப்பு. ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா இருக்கும். விசில் ஊதினா எல்லாரோடயும் கிளம்புவா, பாதி சுத்து வருவா, அப்புறம் பலாமரத்தடியில போய் உட்கார்ந்துக்குவா. திட்டினாலும் சிரிப்பா, கொஞ்சினாலும் சிரிப்பா. ஏண்டி சோம்பேறின்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்குவா. நான்தான் பெரிய புத்திசாலியாச்சே, நாலு நாள் உன்னிப்பாப் பார்த்தேன். அவ அண்ணன் மாகா ஆறாம் வகுப்பு, பதினோரு வயசு, அவனும் அதே வரிசையில ஓடுறான். ஓடுறவன் பாதியில நின்னு தங்கச்சியையே பார்ப்பான். அவன் பார்த்ததும் இவ உட்கார்ந்துடுவா. நாலு நாளும் அப்படியேதான். எனக்குப் புரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். அண்ணன் முன்னால பாவாடை பறக்க ஓடுறதுக்கு வெக்கம், மரியாதை தெரிஞ்ச பிள்ளைன்னு. நம்ம வீட்டுல மட்டும் என்ன, செமிசி இருக்கிற அறையில நீ உட்கார்ந்து டிவி பார்த்ததுண்டா, அவன் காதுபட உன் உடம்பைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசினதுண்டா, அப்படித்தானே உங்க ரெண்டு பேரையும் வளர்த்தேன். அவளை நினைச்சு எனக்குப் பெருமையாக்கூட இருந்ததுடி.

அதனால போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு ஏற்பாடு பண்ணேன். ஆம்பளைப் பிள்ளைங்களை எல்லாம் சர்ச்சுக்குப் பின்னால போய் ஓடச் சொன்னேன், பொம்பளைப் பிள்ளைங்க மட்டும் முன்னால. மாகா போகமாட்டேன்னு நின்னான். டீச்சர், டீச்சர்னு ரெண்டு தடவை கூப்பிட்டான், சுத்தி நின்ன பிள்ளைங்களைப் பார்த்தான். என்னடா முழிக்கிற, தங்கச்சியை நான் கடிச்சா திங்கப்போறேன், ஓடுடான்னு அதட்டினேன். போயிட்டான். சேய்னிகிட்ட வந்து, பாருடி உனக்காகத்தான் இவ்வளவும், இன்னிக்கு ஒரு பயலும் பார்க்கல, ஒரே ஒரு தடவை நாலு சுத்து ஓடிக் காட்டுன்னு கன்னத்தைத் தட்டினேன். அவளுக்காக ஒரு டீச்சர் இவ்வளவு செஞ்சப்புறம் அந்தப் பிள்ளை எப்படி முடியாதுன்னு சொல்லும். ஓடினா. நல்லாவே ஓடினா. மத்த பிள்ளைங்க கை தட்டினாங்க, நானும் தட்டினேன். மூணாவது சுத்து முடியிற இடத்துல நின்னா, என்னைப் பார்த்தா, கையை நெஞ்சுல வச்சுக்கிட்டு அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தா. நான் எழுந்திரு எழுந்திருன்னு விசில் ஊதினேன். ஆமாம், ஊதினேன். அதை உன்கிட்ட மறைக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் பாதிரியாரோட வேன்ல அவ தலை என் மடியில இருந்தது. டாக்டர் கேட்டார், இந்தப் பிள்ளைக்கு மாசா மாசம் ஊசி போடுறாங்களே, ஓடக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கே, உங்களுக்குத் தெரியாதான்னு. எனக்கு எப்படித் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால தொண்டை வலி வந்து, அது மூட்டுக்கு இறங்கி, அப்புறம் இதயத்துல வால்வைக் கெடுத்திருக்கு. ஆஸ்பத்திரியில கொடுத்த அட்டையை லவினியா பைபிளுக்குள்ள வச்சு அலமாரியில பூட்டிட்டா. ஆக்லாந்துல இருக்கிற பெரியம்மா சேய்னியைத் தத்து எடுக்கிறதா பேச்சு, இதயக் கோளாறுன்னு வெளியில தெரிஞ்சா விசா கிடைக்காதோன்னு அவளுக்குப் பயம். மூணு நாள் இருந்தா பிள்ளை. வெள்ளிக்கிழமை மத்தியானம் போயிட்டா.

நான் இஃபி இலை மாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டு, மன்னிப்புக்குப் போறவங்க போற மாதிரி, அந்த வீட்டு வாசல் மண்ணுல போய் உட்கார்ந்தேன். உங்க அப்பா கட்டையை ஊனிக்கிட்டு என் பக்கத்துல நின்னார். லவினியா வெளியே வந்து மாலையைக் கழட்டிவிட்டா. அட்டையை ஒளிச்சவ நான்தான் டீச்சர், நீங்க எழுந்திருங்கன்னா. அவ என்னை அடிச்சிருந்தா தேவலன்னு இருந்தது. சாவு வீட்டுல நான் உள்ளே போகல. துக்கத்துக்குக் கட்டுற கிழிஞ்ச பெரிய பாயை இடுப்புல சுத்திக்கிட்டு, செத்தவளுக்குக் கீழ் முறைக்காரங்களோட வெளியில குழி அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்து கிழங்கு சீவினேன். அங்கதான் மாகாவும் இருந்தான், அக்கா தங்கச்சி செத்தா ஆம்பளைப் பிள்ளைக்கு இடம் அடுப்படிதானே. அவனைவிடப் பெரிய பாய் அவன்மேல, முகம் மட்டும்தான் வெளியில தெரிஞ்சது. நெருப்பைப் பார்த்துக்கிட்டே பேசினான். மாசா மாசம் ஊசிக்கு அவளைக் கூட்டிட்டுப் போறது அவன்தானாம். ஓடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதை அவனும் கேட்டிருக்கான். ஆனா தங்கச்சி உடம்பைப் பத்தி அத்தனை பேர் முன்னால எப்படி டீச்சர் சொல்றதுன்னான். அதனால அவ ரொம்ப ஓடுறப்போ நின்னு முறைச்சுப் பார்ப்பானாம், அவன் பார்த்தா அவ உட்கார்ந்துடுவாளாம், அது அவங்க ரெண்டு பேருக்குள்ள ஒப்பந்தம். அப்புறம் சொன்னான், நீங்க போகச் சொன்னப்போ நான் போயிருக்கக்கூடாது டீச்சர், மன்னிச்சுக்கோங்கன்னு. என்கிட்ட. அந்தப் பிள்ளை என்கிட்ட மன்னிப்புக் கேட்டான் லூசெயானே. இந்த ஊர்ல அவளைக் காப்பாத்த இருந்தது அவன் ஒருத்தன், அவனைத்தான் நான் சர்ச்சுக்குப் பின்னால துரத்திவிட்டேன்.

விசிலைத் தலைமை ஆசிரியர் மேசையில வச்சுட்டு வந்தேன். அவர் மறுநாள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைங்க ஓடாம உட்கார்ந்தா அதுவும் சாவுதான், உங்க வீட்டுக்காரர் காலைப் பாருங்க, வந்து ஊதுங்கன்னார். நர்ஸ் வந்து அறுபத்தொரு பிள்ளைங்களுக்கும் நெஞ்சுல குழல் வச்சுக் கேட்டுட்டுப் போனா, இன்னும் மூணு பிள்ளைங்களுக்கு இருக்காம், யாருக்கும் தெரியல. நான் திரும்பப் போறேன். உட்கார்ற பிள்ளைகிட்டப் போய், எங்கே வலிக்குதுன்னு கேட்கிறேன். முப்பது வருஷத்துல நான் கேட்டதே இல்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு வீட்டுக்கு வந்து பாயை அவிழ்க்கிறப்போதான் உன் ஞாபகம் வந்து குத்துச்சு. நாலாம் வகுப்புல நீயும் இப்படித்தான், என் விசிலுக்கே பாதியில உட்கார்ந்துடுவ. அந்த வருஷம் முட்டி வீங்கி, நடக்க முடியாம அழுத, வளர்ற பிள்ளைன்னு எண்ணெய் தேய்ச்சு விட்டேன். விளையாட்டு விழாவுல நீ ஓடலைன்னு மத்தவங்க கேட்டப்போ, என் மகளுக்கு அண்ணன் முன்னால ஓட வெக்கம்னு சர்ச் பூராவும் பெருமை பேசினேனே, ஞாபகம் இருக்கா. சேய்னியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன் பாரு, உன்னை வச்சுத்தான் நினைச்சேன்.

செமிசியைக் கூப்பிட்டு, அப்போ உன் உடம்புக்கு என்ன இருந்ததுன்னு கேட்டேன். அம்மா இதெல்லாம் என்கிட்ட கேட்கலாமான்னு எழுந்து போனான். நான் விடல, சேய்னி பேரைச் சொல்லி அழுதேன். திரும்பி வந்து சுவரைப் பார்த்து நின்னுக்கிட்டுச் சொன்னான். பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்றப்போ நீ வேலியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பியாம். நெஞ்சு துடிக்கிறது சட்டைக்கு மேலயே தெரியுமாம். பின்னால பத்தடி தள்ளி நின்னு, நீ நடக்கிற வரைக்கும் அவனும் நடக்கமாட்டானாம். இருபது வருஷம் இதை மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கான் என் பிள்ளை. சொல்லாம இருக்கிறதுதான் மரியாதைன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவ நான்.

அதனால என் கண்ணே, இந்தக் கடிதத்தைப் படிச்ச அன்னிக்கே டாக்டர்கிட்டப் போ. பிள்ளை நல்லா இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு அனுப்பிடுவாங்க, அதோட எழுந்து வந்துடாத. சின்ன வயசுல முட்டி வீங்கியிருக்கு, ஓட முடியாது, இப்போ படுத்தா மூச்சு முட்டுதுன்னு சொல்லு, இதயத்தை ஸ்கேன் பண்ணச் சொல்லு. வெக்கப்படாத. பௌலியாசியையும் கூட்டிட்டுப் போ. முதியோர் இல்லத்துல ஆளைத் தூக்குற வேலையை அன்னிக்கே நிறுத்து, மேலாளர்கிட்ட அம்மா சொன்னாங்கன்னு சொல்லு, எவன் என்ன பண்றான்னு பார்க்கலாம். ஒண்ணும் இல்லன்னு வந்தா எனக்குப் போன் போட்டு நல்லா நாலு திட்டு திட்டு, சந்தோஷமா வாங்கிக்கிறேன்.

அத்தைகிட்ட உனக்குப் பின்னின பாயும், குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயும் கொடுத்திருக்கேன். அப்பா உன் தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்றதா எழுதச் சொன்னார், ரெண்டு தடவை சொன்னார். கர்த்தர் உன்னையும் உன் வயித்துப் பிள்ளையையும் தன் கைக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். செமிசி கடிதத்தைக் கேட்டான், கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்கன்னான். விட்டிருக்கேன்.

உன் வழியைப் பார்த்துக்கிட்டிருக்கிற
அம்மா மெலியாமே

லூசெயானே, அண்ணன் எழுதுறேன். இப்படி உனக்கு எழுதக்கூடாது, தெரியும். நாலாம் வகுப்புல மட்டும் இல்ல, உன் கல்யாணத்தன்னிக்குக் கூட சர்ச் படியில நின்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்ட. நான் பார்த்தேன். போய்க் காட்டு.
செமிசி