பலகையில் இல்லாத வரி

அண்ணை,

தரை மெழுகின் வாசனை அடித்ததும் உங்களைத்தான் தேடினேன். கோல்டிங்கில் நாமிருவரும் துப்புரவு செய்த பழைய அரச கட்டடத்துக்கு இன்று போனேன். படி முடியும் இடத்தில் அதே படம்: வெள்ளைப் பொய்முடி வைத்த ஜெர்மன் பிரபு. டேனிஷ்காரருக்கு அவர் அம்ட்மன். ஒரு மாவட்டத்தையே ஆண்டவர் என்பதால் நமக்கு அவர் ஏசண்டர், ஊரில் அரச அலுவலகமான கச்சேரியில் இருந்தவரைப் போல.

படத்தின் கீழுள்ள பலகையை நானே வாசித்தேன். ஓம் அண்ணை, நானே! நீங்கள் கண்மூடிய பிறகு, எழுபத்தொரு வயதில், முதலில் டேனிஷ் எழுத்து, பிறகு நம் எழுத்து என்று படித்தேன். இந்த மடலும் என் கைதான். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் போகிறது. நீங்கள் சொல்லித்தருகிறேன் என்றபோது நான் சம்மதிக்கவில்லை. எழுத்தையும் மாற்றிச் சொல்லிவிடுவீர்கள் என்ற சந்தேகம்.

அந்தச் சந்தேகம் ஊரில் போர் முடிந்த மே மாதத்தில் தொடங்கியது. என் தம்பி முள்கம்பி முகாமுக்குள் இருந்தான். அவனை விடுவிக்க உறவினரின் கடிதம் வேண்டுமென்று கச்சேரியில் கேட்டார்கள். நீங்கள் கடிதத்தை எழுதிவிட்டீர்கள். நான்தான் கைநாட்டு வைக்காமல் பெருவிரலை மடக்கி வைத்துக்கொண்டேன். பெயர் கொடுத்தவர்களை ஏற்றிப்போன வண்டிகளைக் கண்டவன் நான்.

"பேரைக் குடுத்தா ஆளைத் தூக்குவாங்கள். ஏசண்டர்மாரை நம்பேலாது அண்ணை."

நீங்கள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பலகையை வாசித்தீர்கள். அரண்மனையில் ஏவலாளாகத் தொடங்கினாராம். பிறகு வரிக் கந்தோரில் எழுத்தர். பிறகு யாரும் போக விரும்பாத மணல்காட்டு மாவட்டம் ஒன்று. அவர் காலத்துப் போர் முடிந்ததும், வென்றெடுத்த பெரிய மாவட்டத்தை அரசர் அவரிடம் கொடுத்தாராம்.

"அங்க முதல் வேலையா என்ன செய்தார் தெரியுமோ? ஓடிப்போன சனத்தின்ர பேரெல்லாம் எழுதுவிச்சு, எந்தப் பக்கம் நிண்டனி எண்டு கேக்காமல், அவரவர் வளவிலயே குடியேத்தினார்."

"உது உங்கட சொந்தக் கதை."

"எழுதிக் கிடக்கடா."

"எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டுதானே..."

"தெரியாட்டி வாயை மூடிக்கொண்டு விரலைத் தா."

தந்தேன். நம்பித் தரவில்லை. எப்போதோ செத்துப்போன ஓர் ஏசண்டராவது அப்படி இருந்திருக்கலாமே என்றுதான் தந்தேன். நாலு மாதத்தில் தம்பி வெளியே வந்தான். அதற்குப் பிறகும் அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் உங்களை ஓரக்கண்ணால் பார்ப்பேன். உடனே நீங்கள் வாளித் தண்ணீர் மாற்றக் கிளம்பிவிடுவீர்கள். ஏன் அண்ணை, தண்ணீர் சுத்தமாகத்தானே இருந்தது?

இன்று விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தேன். ஏவலாள் உண்டு. எழுத்தர் உண்டு. மணல்காடும் உண்டு. கடைசி வரி மட்டும் வேறு: புதிய மாவட்டத்தில், அரசருக்குச் சத்தியம் செய்ய மறுத்தவர்களின் பெயர்களை எழுதியெடுத்து, நிலத்தைப் பறித்து, எல்லைக்கு அப்பால் துரத்தினார்.

பொய்க்காரர் நீங்கள்! படியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தேன். என் வாழ்நாளில் நானே வாசித்துப் பிடித்த முதல் பொய் உங்களுடையது.

சிரிப்புக் கேட்டுத் தம்பி கீழிருந்து ஏறி வந்தான். மூன்று கிழமை என்னோடு நிற்க ஊரிலிருந்து வந்திருக்கிறான். டேனிஷ் ஓர் எழுத்தும் தெரியாது.

"ஆர் அண்ணா இவர்?"

படத்தைப் பார்த்தேன். என் பெருவிரலையும் பார்த்தேன்.

"அந்தக் காலத்து ஏசண்டர். சண்டை முடிய, சனத்தை எல்லாம் வீட்டை அனுப்பினவர்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உண்மையோ?"

"எழுதிக் கிடக்கடா," என்றேன்.