இழுப்பறையில் கிடந்த கிளட்ச் துண்டு

திண்டிவனம்,
ஞாயிறு, மாலைப் பூசை முடிந்து வந்த பிறகு

அன்புள்ள வெனிலா அப்பாவுக்கு,

ஜெசிந்தா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று எழுதுவதுதான் முறை. எனக்கு விஷயம் தெரிந்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

லீவு முடிந்து சவுதிக்கு, தம்மாமுக்குத் திரும்பும் உங்கள் கம்பெனி நண்பர் தென்னரசு கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். போனில் நான் பேச்செடுத்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. தென்னரசைத் திட்டாதீர்கள், அவராக வாயைத் திறக்கவில்லை. நாலு மாதமாக நீங்கள் வீடியோவில் வலது கையில்தான் போனைப் பிடிக்கிறீர்கள், இடது கை எப்போதும் படத்துக்கு வெளியே. அதோடு ஒருநாள் திடீரென்று "ஜாவாவ வித்துடு" என்றீர்கள். என்னைக்கூட விற்பீர்கள், அந்தப் பழைய மோட்டார் பைக்கை விற்க மாட்டீர்கள். போன மாதம் தென்னரசு வீட்டுக்கு வந்தபோது, உங்களுக்கு அனுப்ப வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலை அவர் கையில் கொடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதே, வெனிலா அப்பா தன் கையால் திறந்துவிடுவாரா என்று கேட்டேன். மனிதர் தரையைப் பார்த்தார். அப்புறம் எல்லாம் வந்துவிட்டது.

தகடு வெட்டும் மெஷினில் இடது கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் போய்விட்டன. கம்பெனி ஊருக்குப் போகச் சொல்லி டிக்கெட் தருகிறது, இந்த மாதம் முப்பதாம் தேதி வரைதான். நீங்களோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு வருஷத்துக்கு கேட் வாட்ச்மேன் வேலை கேட்டு நிற்கிறீர்கள். "இந்தக் கையோட ஊருக்குப் போயி இன்னா பண்ணுவேன், ஒரு கிளட்சுகூட புடிக்க முடியாது" என்று அழுதீர்களாம். தென்னரசிடம் அழுதீர்கள். என்னிடம் சாம்பார் எப்படி வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அன்றைக்கு ஒரு டீச்சரம்மாவின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்துவிட்டேன். பதினெட்டு வருஷத் தையலில் அப்படி ஒரு தப்பு செய்ததில்லை. துணிக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகு உட்கார்ந்து அழுதேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். நானும் மனசு விட்டுப்போய், விற்றே விடுவோம் என்றுதான் குட்டியானை லாரியில் ஏற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுபோனேன். உங்களோடு ஒரே பைக் பட்டறையில் வேலை பார்த்த வல்லரசு தம்பியிடம்தான். கிளட்ச் கேபிள் அறுந்து கிடக்கிறது, புதுசு போட்டால்தான் வாங்குகிறவன் ஓட்டிப் பார்ப்பான் என்றேன். அவரிடம் உங்கள் கையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

அவர் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து கியர் லீவரைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "அண்ணி, பழைய ஜாவாவுக்கு கேபிளே வேணாம். கியர் லீவர கால்ல அழுத்துனாலே உள்ள ஒரு துண்டு கிளட்ச தள்ளி உட்டுடும். கால மெதுவா எடுத்தா வண்டி கௌம்பிடும். கை சும்மா ஹேண்டில்மேல குந்திக்கினு இருக்கும்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். அந்தத் துண்டு உள்ளே இல்லை. "எவனோ கழட்டிக்கினு பூட்டான்" என்று திட்டினார்.

எவன் என்று எனக்குத் தெரியும். கியர் லீவர்மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது உங்கள் பழக்கம். அதனால் கிளட்ச் விட்டு விட்டுப் பிடித்து, தகடெல்லாம் தேய்ந்துபோனது. நீங்கள் உங்கள் காலைக் குறை சொல்லாமல் வண்டியைக் குறை சொன்னீர்கள். இது பேஜாரு புடிச்ச சாமான் என்று ஒருநாள் எதையோ கழற்றி எறிந்தீர்கள். எங்கே எறிந்தீர்கள் என்பதுதான் எனக்கு ஞாபகம் வரவில்லை.

உங்கள் டப்பாக்களை எல்லாம் கொட்டிப் பார்த்தேன், பரண்மேல் ஏறிப் பார்த்தேன். கடைசியில் அது எங்கே இருந்தது தெரியுமா? என் தையல் மெஷின் இழுப்பறையில், பாபினுக்கும் பட்டனுக்கும் நடுவில். ஒன்பது வருஷமாக அதை மெஷின் சாமான் என்று நினைத்து நான்தான் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். அதனால் துளிக்கூடத் துரு இல்லை. வல்லரசு தம்பி அதைக் கையில் வாங்கி, சர்ச்சில் அப்பம் வாங்குகிற மாதிரி பார்த்தார்.

மாட்டியதும் ஓடிவிடவில்லை. உள்ளே இருக்கிற ஸ்க்ரூவை இறுக்கினால் கிளட்ச் வழுக்கிக் கருகிய வாடை வந்தது, தளர்த்தினால் லீவரை அழுத்தியும் விடாமல் வண்டி குதித்தது. கால் திருப்பு, அரைத் திருப்பு என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயின. கேபிளும் புதுசு. உள்ளே வழுக்கு உறை வைத்தது, டேங்குக்கு அடியில் ஒடிந்து வளையாமல் பெரிய வளைவாகக் கொண்டுபோயிருக்கிறார். கம்பி முனையைப் பிரித்து விரித்து ஈயம் ஊற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். லீவரை இரண்டு விரலால் இழுக்க முடிகிறது. உங்களுக்கும் இரண்டு விரல் இருக்கிறது.

நடுவில் ஒருநாள் அவர், "என் கை ரெண்டும் நல்லாதான் கீது அண்ணி. ஆனா உங்க வூட்டுக்காரரு, சவுரி அண்ணன், சத்தத்த கேட்டே எவ்ளோ திருப்பணும்னு சொல்லிடும். எனக்கு அந்தக் காது இல்ல. பாண்டிச்சேரி பக்கத்துலருந்து மாசத்துக்கு நாலு பழைய வண்டி வருது, தனியா முடியல, வரச் சொல்லுங்க" என்றார். பாவப்பட்டுச் சொல்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன். இல்லை, எரிச்சலோடுதான் சொன்னார். அதனால் நம்பினேன்.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டுக் கத்தாதீர்கள். இன்று காலை விழுப்புரத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வரை அவர் ஜாவாவை ஓட்டி வந்தார், நான் ஸ்கூட்டியில் பின்னால். அங்கே வண்டியை மாற்றிக்கொண்டோம். ஜாவாவில் ஏறும் முன், பிளவுஸுக்கு வைக்கிற எலாஸ்டிக்கால் என் இடது கையின் மூன்று விரலையும் உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். அவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

இரண்டு முறை அணைந்துபோனது. மூன்றாம் முறை, மெஷின் மிதியை விடுகிற மாதிரி காலை மெதுவாக விட்டேன், கிளம்பிவிட்டது. அங்கிருந்து திண்டிவனம் வரை கிளட்ச் லீவரை ஒரு முறைகூடத் தொடவில்லை. வளைவில் மட்டும் வேகத்தைக் குறைத்தேன், மற்றபடி ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் நிறுத்திக் கட்டை அவிழ்த்தபோது விரல் மூன்றும் மரத்துப்போயிருந்தன. கொஞ்ச நேரத்தில் எனக்கு உணர்வு திரும்பி வந்துவிட்டது. உங்களுக்கு வராது என்று நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை. இவ்வளவு வலியை அந்த ஊரில் தனியாக வைத்துக்கொண்டு, என்னிடம் சாம்பார் பேசியிருக்கிறீர்களே.

வெனிலாவுக்கும் சொல்லிவிட்டேன். பதினான்கு வயசுப் பிள்ளையிடம் மறைக்க முடியாது. அவள் கேட்டது ஒன்றுதான், "அப்பாவுக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?" என்று. நீங்கள் வந்து பதில் சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை.

வாட்ச்மேன் வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஜாவாவை விற்கவில்லை, இனி அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் லீவர்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இதைப் படித்த அன்று இரவே கூப்பிடுங்கள். போனைக் கையில் பிடிக்க வேண்டாம். இந்த ஊறுகாய் பாட்டில்மேல் சாய்த்து வையுங்கள். மூடியைத் தளர்த்தித்தான் அனுப்பியிருக்கிறேன். இரண்டு கையையும் எனக்குக் காட்டுங்கள்.

நீங்கள் எப்படி வந்தாலும் போதும் என்றிருக்கும்,
உங்கள் ஜெசிந்தா